பசலியும் பட்டமும்: சென்னிமலை வட்டாரத்தின் வேளாண் ஆண்டு

தமிழ்நாட்டில் ஒரு சென்ட் நிலம் உடையவருக்கும் 'பசலி' என்னும் சொல் புதிதன்று. அடங்கலிலும் தீர்வை ரசீதிலும் ஆண்டைக் குறிக்கும் இடத்தில் அச்சொல்லே நிற்கிறது. 2024 ஜூலை முதல் நாள் பசலி 1434 தொடங்கியது. அதே மாதத்தில் ஹிஜ்ரி 1446ஆம் ஆண்டும் பிறந்தது. ஒரே வேரிலிருந்து கிளைத்த இவ்விரு எண்களுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் வேறுபாடு இருப்பது ஏன் என்ற வினா, நம்மை வானியலுக்கு மட்டுமன்றி, உழவனின் களத்துமேட்டுக்கும் அழைத்துச் செல்கிறது.

அரபியில் 'ஃபஸ்ல்' என்பது பிரிவையும் பருவத்தையும் குறிக்கும். உழவர் வழக்கில் அதற்கு ஒப்பான தமிழ்ச்சொல் 'பட்டம்'. ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், சித்திரைப்பட்டம் என விதைப்புக் காலங்களைப் பிரித்து வழங்கும் வழக்கு கொங்கு நாட்டில் இன்றும் மறையவில்லை. ஆக, பசலி என்பது அரசு எண்ணிய பருவம். பட்டம் என்பது உழவன் எண்ணிய பருவம். இவ்விரண்டும் எங்கே ஒத்துப்போயின, எங்கே முரண்பட்டன என்பதைக் கொங்கின் வறண்ட மேட்டுநிலமான சென்னிமலை வட்டாரத்தை வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈரோட்டுக்குத் தென்மேற்கே, பெருந்துறை வட்டத்தில் அமைந்த சென்னிமலையை வெளியூரார் முருகன் கோயிலாலும் கைத்தறிப் போர்வையாலும் அறிவர். கொடிகாத்த குமரன் 1904இல் பிறந்த ஊர் என்ற பெருமையும் அதற்கு உண்டு. ஆயின் குன்றைச் சுற்றிக் கிடக்கும் நிலத்தின் இயல்பை அறிந்தோர் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி இது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கொட்டித் தீர்த்துவிட, பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்று மட்டுமே. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையும், சித்திரை, வைகாசியில் இடியோடு விழும் கோடைமழையுமே இம்மண்ணுக்கு வாய்த்தவை. செம்மண்ணும் சரளையும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த நிலம் ஈரத்தை நெடுநாள் தாங்குவதுமில்லை.

இவ்வியல்பையொட்டி இவ்வட்டார மக்கள் நிலத்தை வகுத்துப் பெயரிட்டனர். கிணற்று நீர் பாயும் நிலம் 'தோட்டம்'. வானத்தை மட்டும் நம்பியது 'காடு' அல்லது 'மேட்டாங்காடு'. கால்நடைக்கென வேலியிட்டு விடப்பட்டது 'கொறங்காடு'. காடு என்றவுடன் வனத்தை எண்ணுவோர்க்கு இது வியப்பாக இருக்கும். கொங்கில் காட்டுக்குப் போவதென்றால் உழவுக்குப் போவதே. சிறு குடும்பம் ஒன்றின் பண்ணயம் பெரும்பாலும் இம்மூன்றிலும் சிறிது சிறிதாக அமைந்திருக்கும். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கஞ்சி ஊற்றும் என்பது அதன் உட்பொருள்.

மின்சாரம் வருமுன் அத்தகைய பண்ணயம் ஒன்றின் ஆண்டு எவ்வாறு நகர்ந்தது என்று பார்ப்போம். சித்திரையில் முதல் மழை விழுந்ததும் ஏர் பூட்டுவர். அதற்கு முன்பே வெறும் காட்டில் செம்மறிப் பட்டி போட்டிருப்பர். படல்களை இரவுக்கிரவு இடம் மாற்றி நிறுத்தினால் காடு முழுவதும் எரு பரவிவிடும். மழை தொடர்ந்தால் எள்ளும் கம்பும் விதைப்பர். ஆனி, ஆடியில் காற்று எழும். மண்ணை வாரி இறைக்கும் அந்தக் காற்றோடு தூறல் வந்தால் கடலைக்காயும் ஆமணக்கும் ஊன்றுவர். சோளம் தனியே விதைக்கப்படுவது அரிது. தட்டை, அவரை, பச்சைப்பயறு ஆகியவற்றையும் கலந்தே தூவுவர். மழை குறைந்த ஆண்டில் சோளம் கருகினாலும் பயறு ஒரு படியாவது தேறும். கடைசியாகக் கொள்ளு. எதற்கும் உதவாத நிலத்திலும் பனியைக் குடித்து விளைவது அது.

மார்கழியில் கதிர் முற்றும். தையில் அறுப்பு. கொங்கில் மாட்டுப் பொங்கலைப் 'பட்டிப் பொங்கல்' என்பர். ஆண்டு முழுவதும் உழைத்த கால்நடைக்கு அன்று முதல் மரியாதை. தைப்பூசத் தேர் முடிந்தபின் மாசி, பங்குனியில் களத்து வேலை நடக்கும். சோளத்தட்டை உலர்த்திப் போர் அடைவதே அக்காலத்தின் தலையாய வேலை. மனிதர் உண்ணும் தானியத்தைவிட மாடு தின்னும் தட்டு எத்தனை மாதத்திற்கு வரும் என்பதே குடும்பத் தலைவரின் கவலையாக இருந்தது. தட்டுப் போர் சிறுத்த ஆண்டில் எருதை விற்க வேண்டிவரும். எருதை விற்றால் மறு ஆண்டு ஏர் இல்லை, கிணற்றிலிருந்து நீரும் இல்லை. அந்நாளில் கொறங்காடே கைகொடுத்தது. கொழுக்கட்டைப் புல், நரிப்பயறு, வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி எனப் பல நூற்றாண்டுப் பட்டறிவு வகுத்த மேய்ச்சல் நிலம் அது. புல் தீர்ந்த கோடையில் வெள்வேலின் நெற்று உதிர்ந்து ஆடுகளைக் காக்கும். காங்கயம் காளை என உலகம் புகழும் இனம் இந்தக் கொறங்காட்டில்தான் வளர்ந்தது.

தோட்டத்தின் கதை வேறு. அங்கே மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஓய்வும் இல்லை. கிணற்று மேட்டில் கவலை பூட்டி, ஒரு சோடி எருது வாரியில் முன்னிறங்கியும் பின்னேறியும் இறைக்க, பறியிலிருந்து தோல்வால் வழியே நீர் கொட்டும். கோழி கூப்பிடத் தொடங்கும் இறைப்பு வெயில் ஏறும்வரை நீளும். ராகி, புகையிலை, மிளகாய், பருத்தி யாவும் இந்த நீரில் விளைந்தவை. எருதை ஓட்ட ஒருவர், மடை மாற்ற ஒருவர் என இருவரேனும் வேண்டும். சிறு குடும்பத்தில் அந்த இரண்டாமவர் பெரும்பாலும் பெண்ணே. கவலைக்கு வேண்டிய தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். ஆண்டுக்கூலியாகக் களத்தில் தானியம் பெற்ற அவர்களின் உழைப்பின்றிக் கொங்கின் எந்தத் தோட்டமும் நனைந்திராது. வேளாண் வரலாறு எழுதுவோர் கிணறு வெட்டியவரின் பெயரைச் சொல்லி, பறி தைத்தவரை விட்டுவிடுவது நீதியாகாது.

இனி, இந்த ஆண்டின்மீது அரசுகள் சுமத்திய ஆண்டுக்கு வருவோம்.

ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. ஏறத்தாழ 354 நாள்கள் கொண்டது. ஆண்டுக்குப் பதினோரு நாள் வீதம் முன்னே நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். ரமழான் கோடையிலும் குளிரிலும் மாறிமாறி வருவது வணக்கத்திற்கு அழகு. ஆனால் நிலவரியை அந்த ஆண்டின்படி தண்டினால், சூரியன் முப்பத்து மூன்று முறை விளைவிப்பதற்குள் உழவன் முப்பத்து நான்கு முறை வரி கட்ட நேரிடும். இச்சிக்கலை முஸ்லிம் உலகம் மிக முன்பே உணர்ந்தது. பயிர் பச்சையாக நிற்கும்போதே வரி கேட்கப்படுவதைக் கண்ட அப்பாசியக் கலீஃபா முதவக்கில், கி.பி. 859இல் வரியாண்டின் தொடக்கமான நவ்ரூஸைத் தள்ளிவைக்க முயன்றார். இரண்டாண்டுகளில் அவர் கொல்லப்பட, அது நிலைபெறவில்லை. 895இல் முஅதளித் அதனை ஜூன் 11க்கு மாற்றி நிறைவேற்றினார். அல்பிரூனி இச்செய்தியை விரிவாக எழுதியுள்ளார். ஸ்பெயினின் கொர்தோவாவில் பத்தாம் நூற்றாண்டிலும், யமனில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலும் எழுதப்பட்ட வேளாண் பஞ்சாங்கங்கள் சூரிய மாதங்களையே பின்பற்றின. வணக்கத்திற்குப் பிறையும் உழவுக்குச் சூரியனும் என இரு கணக்குகளை ஒருசேரக் கையாள்வதில் முன்னோர் முரண்பாடு காணவில்லை.

இந்தியாவில் இத்தேவைக்கு அக்பர் கண்ட விடையே பசலி. அவர் அரியணை ஏறிய ஹிஜ்ரி 963ஐ (1556) அடியாகக் கொண்டு, அதன்பின் சூரிய ஆண்டுகளையே கூட்டிச் சென்றனர். தக்காணத்தில் ஷாஜஹான் காலத்தில், ஹிஜ்ரி 1046ஐ (1636) அடியாக வைத்து அது தொடங்கியது. அன்றுமுதல் ஹிஜ்ரி விரைந்து நடக்க, பசலி பருவத்தோடு நடந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட பன்னிரண்டு ஆண்டு இடைவெளி இந்த நாலு நூற்றாண்டுப் பயணத்தில் விளைந்ததே.

கொங்கு நாடு இக்கணக்குக்குள் வந்தது சற்றுச் சுற்றுவழியில். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இது மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. திப்பு சுல்தான் தமக்கென ஒரு நாள்காட்டியையே வகுத்தார். அஹ்மதீ, பஹாரீ எனத் தொடங்கும் மாதங்கள் சந்திரனைப் பின்பற்றினும், மிகைமாதம் சேர்த்துப் பருவத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. ஆண்டின் தொடக்கம் யுகாதியையொட்டியே அமைந்தது. ஏர் வாங்க இயலாத ஏழை உழவர்க்குத் தக்காவி என்னும் முன்பணம் தரவேண்டும் என்பதும் அவருடைய வருவாய் விதிகளில் காணப்படுகிறது. விதி இருந்தது, விதியை நடத்தியோர் எல்லாரும் அதற்கு உண்மையாய் இருந்தனர் எனக் கொள்ள இடமில்லை. மேலும் மைசூர்ப் போர்களில் இருதரப்புப் படைகளும் இந்நிலத்தின் மீதே நடந்தன. திப்பு ஷஹீதான 1799இல் கோவைப் பகுதி கும்பினியார் கைக்கு மாறியது. மறு ஆண்டே இவ்வழி வந்த பிரான்சிஸ் புக்கானன், உழவும் கிணறும் தீர்வையும் பற்றி ஊர் ஊராகக் கேட்டு எழுதிய பயண நூல் 1807இல் வெளிவந்தது. ஆட்சி மாறியதன் வடுக்களை அதில் காணலாம்.

கும்பினியாரின் வருவாய்க் கணக்கு பசலியில் அமைந்தது. ரயத்து, பிர்கா, தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, கிஸ்தி என அரபி, பாரசீகச் சொற்கள் கொங்கு உழவனின் நாவில் ஏறி அமர்ந்தன. விளைச்சலைக் குறிக்கும் 'மகசூல்' கூட அரபிச் சொல்லே. சென்னை மாகாணத்தில் பசலி முதலில் ஆடி முதல் நாளிலேயே தொடங்கியது என்பது கருதத்தக்கது. உழவனின் ஆடிப்பட்டமும் அரசின் பசலியும் ஒரே நாளில் பிறந்தன. 1800ஐயொட்டி அதை ஜூலை 13 என ஆங்கிலத் தேதியில் கட்டினர். 1855இல் நிருவாக வசதிக்காக ஜூலை முதல் நாளுக்கு மாற்றினர். வேறுபாடு இரண்டு வாரமே எனலாம். ஆயினும் பருவத்திலிருந்து பிறந்த ஆண்டு அன்றோடு அலுவலக ஆண்டாயிற்று. அதே 1855இல்தான், மாகாணத்தில் தீர்வை தண்டுவதற்காக உழவர்கள் சித்திரவதை செய்யப்பட்டதை ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கையும் வெளிவந்தது. பட்டம் தவறிய ஆண்டிலும் கிஸ்தி தவறாது வந்ததன் விளைவு அது.

இதனினும் ஆழ்ந்த முரண் ஒன்று உண்டு. விளைச்சலின் கடமையை அறுவடை நாளில் கொடுக்குமாறு அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் பணிக்கிறது. வானமும் ஊற்றும் நனைத்த பயிருக்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு அதில் பாதி என்பது புகாரியில் பதிவான நபிமொழியின் சாரம். கூடுதல் உழைப்பும் செலவும் உள்ள இடத்தில் கடமை குறைகிறது. கொங்கின் சொல்லில் சொன்னால், காட்டுக்குப் பத்தில் ஒன்று, தோட்டத்திற்கு இருபதில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோவை மாவட்டத்தில் நடந்ததோ நேர்மாறானது. கிணறு உள்ள நிலத்திற்குத் தோட்டத் தீர்வை எனக் காட்டைவிடப் பன்மடங்கு விதிக்கப்பட்டது. தன் கைப்பொருளால் பாறையைக் குடைந்தவன் அந்தக் குடைதலுக்காகவே தண்டிக்கப்பட்டான். உஷ்ர் ஒரு வணக்கம், தீர்வை ஓர் அரச வருவாய்; இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்பது சரியே. ஆயினும் உழைப்பை எப்படி மதிப்பது என்னும் வினா இரண்டிற்கும் பொது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், உழவன் தானே வெட்டிய கிணற்றுக்காகத் தீர்வை கூட்டுவதில்லை என்ற கொள்கையை அரசு ஏற்றது. கோவை மாவட்டம் கிணறுகளின் மாவட்டமாக வளர்ந்ததில் இதற்கும் பங்குண்டு.

1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கியபின் கவலை மெல்ல மெல்ல ஓய்ந்தது. வாரியில் நடந்த எருதுக்கு வேலை குறைய, தட்டுப் போரின் கணக்கும் மாறியது. 1948இல் தொடங்கி 1950களின் நடுவில் முடிந்த கீழ்பவானித் திட்டம், ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் நீளக் கால்வாயால் சென்னிமலைப் பகுதியின் தாழ்ந்த காடுகளுக்கும் நீர் தந்தது. 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு. அதில் பாதிக்கு ஆகஸ்ட் 15 முதல் நன்செய்க்கும், மறுபாதிக்கு அதன்பின் புன்செய்க்கும் முறைவைத்து நீர் விடப்படும். இவ்வாறு காட்டுக்காரர் ஆடிப்பட்டத்தையும், கால்வாய்க்காரர் மதகு திறக்கும் தேதியையும் பார்க்கலாயினர். வட்டாரத்தின் தெற்கே நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையோ திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் உயர்நீதிமன்றம் ஆணையிடும் முன்பே, கரையோரக் கிணறுகள் பல பாசனத்திற்கு ஆகாதனவாகிவிட்டன. எந்தப் பட்டத்தில் விதைத்தாலும் உப்பு நீரில் முளைப்பது ஏது?

கர்ணம் பதவி 1980இல் ஒழிந்து, கிராம நிருவாக அலுவலர் வந்தார். அடங்கலும் கணினிக்கு மாறியது. பசலி மட்டும் நிற்கிறது. ஆண்டுதோறும் அது முடியும் தறுவாயில், மே, ஜூன் மாதங்களில் வட்ட அலுவலகங்களில் ஜமாபந்தி கூடும். பட்டா மாறுதல், வாய்க்கால் ஆக்கிரமிப்பு, எல்லைத் தகராறு என மனுக்களோடு உழவர் வரிசையில் நிற்பர். அந்நாள்களில் சென்னிமலையின் மேட்டாங்காடுகளில் கோடை உழவு முடிந்திருக்கும். விதை இன்னும் விழுந்திருக்காது. கணவாய்க் காற்று அப்போதுதான் எழத் தொடங்கியிருக்கும்.