கல்கத்தாவும் சர்க்கரை நோயும்: ஹார்மோன் சிகிச்சை வந்த வழி

லேக் மார்க்கெட்டில் நம்மவர் இருவர் சந்தித்தால், காய்கறி விலைக்கு அடுத்த பேச்சு ‘சுகர் எவ்வளவு சார்?’ என்பதுதான். இந்தக் கவலை இந்நகருக்குப் புதிதல்ல. 1907-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் வெப்ப நாடுகளில் நீரிழிவு குறித்து விவாதித்தபோது, கல்கத்தா மருத்துவர் கைலாஸ் சந்திர போஸின் கருத்தும் அதில் இடம்பெற்றது. உட்கார்ந்தே வேலை பார்க்கும் படித்த வகுப்பாரிடம் இந்நோய் மிகுதி என்பது அக்கால வங்க மருத்துவர்களின் கணிப்பு. பத்தியத்தை விட்டால் உருப்படியான மருந்து அவர்களிடம் இல்லை.

1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றில் இன்சுலினைக் கண்டனர். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்து 23-ஆம் தேதி பலித்தது. உடம்பில் அற்றுப்போன ஹார்மோனை வெளியிலிருந்து ஈடுசெய்து உயிரைக் காக்க முடிந்தது! பின்னர் நம் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஜே.பி. போஸ் நீரிழிவு ஆராய்ச்சி நடத்தினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் டாக்டர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார்.

ஆனால் எல்லாருக்கும் குறை ஒன்றல்ல. சிலருக்கு இன்சுலின் ஊசி சரிவர வேலை செய்வதில்லை என்று 1936-இல் லண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த் காட்டினார். 1960-இல் யாலோவும் பெர்ஸனும் இரத்தத்திலுள்ள இன்சுலினையே அளந்தபோது, நடுவயதில் நோய் கண்ட பலரிடம் அது போதிய அளவு இருந்தது. இன்சுலின் கூப்பிடுகிறது, உடம்புதான் ‘ஏன்’ என்று கேட்பதில்லை. இதுவே இன்சுலின் எதிர்ப்பு.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரும் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றியும், ‘அதைப் போட்டா சுகர் வராதாமே’ என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களிடம் நீரிழிவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2004-இல் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி ஆகியவை கூடியதால் அந்தச் சிகிச்சை 2002-லேயே நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே சர்க்கரையைத் தடுப்பதற்கென்று இதைத் தருவதில்லை.

மறுபக்கம், டாக்டர் சொன்ன பிறகும் ‘ஊசி போட்டா அவ்வளவுதான், கடைசிக் கட்டம்’ என்று இன்சுலினைத் தள்ளிப்போடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. கணையம் ஓய்ந்தவருக்கு அந்த ஊசி தண்டனையல்ல, ஈடு. உடம்பு கேட்க மறுப்பவருக்கோ நடையும் உணவுக் கட்டுப்பாடும் முதல் மருந்து. எது நமக்கு என்பதை லேக் மார்க்கெட் பேச்சில் முடிவு செய்யாமல், பரிசோதனை செய்து டாக்டரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.