வெட்டும் முன் நோயறிதல்: புளோரிடாவின் அழகுப் பனைகளும் மஞ்சள் ஓலைகளும்

புளோரிடாவின் சாலையோரங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அழகுக்காக நடப்படும் பனைக் குடும்ப மரங்களில், அடியோலை மஞ்சளானதும் அதை வெட்டி நீக்குவது பரவலான வழக்கம். இவ்வழக்கம் நோயை அறியும் சான்றை அழிக்கிறது. மரத்தின் சத்திருப்பையும் பறிக்கிறது. ஆகவே இது கைவிடப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒற்றைத் தண்டுப் பனைக்கு வளர்முனை ஒன்றே. அது பட்டால் மரமும் பட்டுவிடும். தண்டில் ஏற்படும் காயமும் ஆறி மூடுவதில்லை. எனவே நோயைச் சரியாக அறிவது இங்கே கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

அறிகுறி எந்த வயது ஓலையில் தோன்றுகிறது என்பதே முதற்கேள்வி. பொட்டாசியமும் மக்னீசியமும் மரத்துக்குள் இடம்பெயர்பவை. பற்றாக்குறை நேர்ந்தால் மரம் அவற்றை முதிர்ந்த ஓலையிலிருந்து எடுத்துப் புதிய ஓலைக்கு அனுப்பும். அடியோலையில் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகளும் நுனிக்கருகலும் தோன்றினால் பொட்டாசியக் குறை. நடுப்பகுதி பச்சையாக இருக்க, விளிம்பு பட்டையாக மஞ்சளானால் மக்னீசியக் குறை. மாங்கனீசு அவ்வாறு இடம்பெயராததால் அதன் குறை புதிய ஓலையையே சுருக்கிக் கருக்கும். புளோரிடாவின் மணல் பொட்டாசியத்தைத் தக்கவைப்பதில்லை. சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மை மாங்கனீசை வேருக்கு எட்டாமல் செய்கிறது.

புளோரிடா பல்கலைக்கழகத்தின் திமோதி பிராஸ்சாட் 1994இல் வெளியிட்ட ஆய்வு, குட்டைப் பேரீச்சையில் பொட்டாசியம் குறைந்த ஓலைகளை நீக்கினால் மரத்தின் நலிவு விரைவுபடுவதைக் காட்டியது. காரணம் தெளிவு: அடியோலை போனபின் மரம் அடுத்த அடுக்கு ஓலையிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது.

மஞ்சள் ஓலையை விட்டுவைத்தால் நோய் பரவாதா என்று கேட்கலாம். சத்துக்குறை தொற்றுவதில்லை. கேனரித் தீவுப் பேரீச்சையைத் தாக்கும் ஃபியூசேரியம் வாடலோ, தூய்மை செய்யாத ரம்பத்தின் வழியாகவே மரத்துக்கு மரம் பரவக்கூடியது. தென்னையைக் கொல்லும் மஞ்சள் நோயைத் தத்துப்பூச்சி பரப்புகிறது. அந்நோயில் ஓலை மஞ்சளாகும் முன்பே காய்கள் உதிரும், பாளை கருகும். ஆக்சிடெட்ராசைக்ளினை நான்கு மாதங்களுக்கு ஒருமுறை தண்டில் ஊசியாகச் செலுத்தினால் இந்நோயைக் கட்டுப்படுத்தலாம். அடிமரத்தில் கானோடெர்மா தட்டுக்காளான் தோன்றினால் மருந்தில்லை. மரத்தை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் வேறொரு பனை வகையை நடாமல் இருப்பதே வழி.

சத்துக்குறைக்கு, புளோரிடா பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் 8-2-12 (தழை-மணி-சாம்பல் சத்து விகிதம்) உரம் 4 விழுக்காடு மக்னீசியத்துடன், மெல்லக் கரையும் வடிவில் இடப்பட வேண்டும். தழைச்சத்து மிகுந்த புல்தரை உரம் பொட்டாசியக் குறையை மோசமாக்கும். பொட்டாசியக் குறையால் பாதிக்கப்பட்ட ஓலை மீண்டும் பச்சையாகாது என்பதால், பலனைப் புதிய ஓலைகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

முற்றிலும் காய்ந்த ஓலையை மட்டும், தூய்மை செய்த கருவியால் நீக்குவோம். மஞ்சள் ஓலை மரத்துக்கு இன்னும் உணவளிக்கிறது. அதை மரத்திலேயே விட்டுவைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி.