குருதியும் ஒப்புதலும்

மருத்துவத்தின் கூறுகள் நான்கு என வகுத்த வள்ளுவர், நோயுற்றவனை முதலிலும், தீர்க்கும் மருத்துவனை அடுத்தும், மருந்தையும் அருகிருந்து துணைசெய்வானையும் அவர்களுக்குப் பின்னும் நிறுத்தினார். நோயுற்றவனின் உடலே மருத்துவ அறிவின் தோற்றுவாய் ஆதலின் அவ்வரிசை பொருத்தமுடையதே. ஆயினும், அவ்வுடலைச் சோதிப்பதற்கும், அதனின்று எடுத்த குருதியைச் சேமிப்பதற்கும், அவனைப் பற்றிய குறிப்புகளைப் பிற ஆய்வாளர்க்கு வழங்குவதற்கும் அவனது ஒப்புதலைப் பெறவேண்டும் என்னும் எண்ணம் மிகப் பிற்காலத்திலேயே வேரூன்றியது. மலேசிய மண்ணில் அவ்வெண்ணம் வளர்ந்த வரலாறு தமிழர் வாழ்வோடும் பிணைந்ததாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் கொடுநோய் வாட்டியது. கால்கள் வீங்கி, நரம்புகள் தளர்ந்து, நெஞ்சு செயலிழந்து மக்கள் மாண்டனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரை அது பெரிதும் பற்றியது. தமிழரையோ அரிதாகவே தீண்டிற்று. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், இவ்வேறுபாட்டிற்கு உணவே காரணம் என 1907இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. சீனர் உண்டது தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது தவிட்டிலுள்ள சத்து அரிசியினுள் இறங்கிவிடுகின்றது. அச்சத்தே பின்னாளில் தயமின் எனப் பெயர் பெற்றது.

இக்கருத்தை மெய்ப்பிக்கச் செய்யப்பட்ட சோதனைகள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் பிளெட்சர் நோயாளிகளை இரு கூறாகப் பிரித்து, ஒரு சாரார்க்குப் புழுங்கல் அரிசியும் மறு சாரார்க்கு வெள்ளரிசியும் அளித்தார். வெள்ளரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். மற்றைய பிரிவில் அந்நோயால் எவரும் இறக்கவில்லை. 1900இல் தோன்றிய கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் காட்டில் சாலை அமைக்கச் சென்ற 300 ஜாவானியத் தொழிலாளரை இவ்வாறே பிரித்து ஆராய்ந்து, அதே முடிவை 1909இல் வெளியிட்டனர்.

இவ்வாய்வுகளால் பிற்காலத்தில் எண்ணற்ற உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது மறுக்கவொண்ணா உண்மை. எனினும், விடுதியில் அடைபட்டிருந்தோரிடம் ஒப்புதல் கேட்கவேண்டும் என்ற விதி அந்நாளைய மலாயாவில் இருந்ததில்லை. தோட்டங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. மலேரியாவை ஒழிக்கப் பாடுபட்ட மால்கம் வாட்சன், கிள்ளான் பகுதித் தோட்டங்களில் சிறுவர்களின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீக்கத்தைக் கணக்கிட்டார். அக்கணக்கே சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டத் துணைநின்றது. ஆயினும் தொழிலாளியின் உடல்நிலை பற்றிய ஏடுகள் துரைமார் அலுவலகத்திலும் அரசாங்கப் பெட்டகத்திலும் இருந்தனவேயன்றி, அவன் கையில் இருந்ததில்லை. அறிவு வளர்ந்தது, அதற்கு உடலளித்தவன் பெயரற்ற எண்ணாக நின்றான்.

உலகின் மனச்சான்றை உலுக்கியது இரண்டாம் உலகப் போர். நாஜி மருத்துவர்களின் கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம் 1947இல் நியூரம்பர்க் நெறிகளை வகுத்து, தன்விருப்பான ஒப்புதலை அவற்றுள் முதலாவதாக வைத்தது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கி அறிக்கையை வெளியிட்டது. ஆயினும், சேமித்து வைத்த குருதி புதியதொரு சிக்கலை எழுப்பிற்று. அமெரிக்காவின் ஹவாசுபாய்ப் பழங்குடியினர் நீரிழிவு ஆய்விற்கென 1990ஆம் ஆண்டு முதல் அளித்த குருதி, மனநோய் பற்றியும் அவர்தம் மூதாதையர் குடிபெயர்வு பற்றியும் ஆராயப் பயன்படுத்தப்பட்டதை அவர்கள் பின்னரே அறிந்தனர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு எழுந்த வழக்கு 2010இல் இழப்பீட்டோடும் குருதி மாதிரிகளைத் திருப்பித் தந்ததோடும் முடிவுற்றது. ஒரு காரியத்திற்குக் கொடுத்த ஒப்புதல் எல்லாக் காரியத்திற்கும் கொடுத்ததாகாது என்பதை உலகம் அவ்வழக்கால் கற்றது.

இப்பின்னணியிலேயே ஜொகூர் மாநிலத்துப் பெக்கோக்கை நோக்குதல் வேண்டும். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இவ்வூர் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்தது. மோனாஷ் பல்கலைக்கழக மலேசியா 2011இல் இம்மாவட்டத்தில் ‘சியாக்கோ’ எனச் சுருக்கமாக வழங்கும் தென்கிழக்காசியச் சமூக ஆய்வகத்தை நிறுவியது. பெக்கோக், சாஆ, கெமெரே, ஜாபி, சுங்கை சிகாமட் ஆகிய ஐந்து முக்கிம்கள் அதன் களமாயின. மலாயர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் என ஏறத்தாழ 40,000 பேர் அதிற் பதிவாயினர். களப்பணியாளர் வீடு வீடாகச் சென்று விளக்கி, ஒப்புதல் பெற்ற பின்னரே குடும்ப விவரங்களைக் குறித்தனர். இரத்த அழுத்தத்தையும் குருதிச் சர்க்கரையையும் அளந்தனர். நூறாண்டுகளுக்கு முன்னர்த் துரையின் இசைவே போதுமாயிருந்த இடத்தில், குடும்பத்தாரின் இசைவு வாயிலாயிற்று.

தேசிய அளவிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் நடத்திய ‘மலேசியக் கோஹார்ட்’ என்னும் ஆய்வில் 2012 வரை 35 முதல் 70 வயது வரையிலான 106,527 பேர் சேர்ந்தனர். அவர்களுடைய குருதி முதலிய மாதிரிகள் உறைநிலையில் சேமிக்கப்பட்டன.

இத்தகைய களஞ்சியங்களை ஆய்வாளர் எவ்வாறு அணுகுகின்றனர்? ஆய்வின் நோக்கத்தையும் தேவைப்படும் விவரங்களையும் எழுத்தில் விண்ணப்பித்தல் முதற்படி. அறிவியல் தகுதியை ஒரு குழுவும், அறநெறியை மற்றொரு குழுவும் ஆராய்தல் இரண்டாம் படி. பெயர், முகவரி, அடையாள எண் ஆகியவற்றை நீக்கி, உரிய பகுதியை மட்டும் ஒப்பந்தத்தின்பேரில் வழங்குதல் மூன்றாம் படி. குருதி அள்ள அள்ளக் குறைவதாதலின், அதனைப் பெறுதல் எண்களைப் பெறுதலினும் கடினம். உலக மருத்துவச் சங்கம் 2016இல் தைப்பேயில் ஏற்ற அறிக்கை, கொடுத்தவர் தம் ஒப்புதலை மீட்டுக்கொள்ளும் உரிமையையும் வலியுறுத்தியது.

எனினும் பெக்கோக் போன்ற சிற்றூர்க்குப் பெயரை நீக்குதல் மட்டும் போதிய காப்பாகாது. எழுபது வயதைக் கடந்த, நீரிழிவால் ஒரு காலை இழந்த தமிழ் மூதாட்டி ஒருவர் ஒரு தோட்டத்தில் இருப்பதாகக் கொள்வோமாயின், பெயரின்றியே அவரை ஊரார் இனங்கண்டுகொள்வர். மாநகரத்தில் மறைவாக நிற்கும் செய்தி சிற்றூரில் முகம் பெற்றுவிடுகின்றது. 2013இல் நடைமுறைக்கு வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே அறநெறிக் குழுக்களின் விழிப்பே மக்களின் முதன்மையான அரணாகின்றது.

அவ்வரணினும் அடிப்படையானது மொழி. படித்தறியாத தாளிற் பதிக்கும் பெருவிரல் ரேகை, முற்காலத் தொழிலாளர் ஒப்பந்தத்தில் பதித்த ரேகையினின்று வேறாகாது. ‘உங்கள் குருதி எத்தனை ஆண்டுகள் வைக்கப்படும், யார் பார்ப்பர், வேண்டாம் என்றால் என் செய்வது’ என்பவற்றை எளிய தமிழில் எழுதித் தருதல் மொழி வல்லார் ஏற்கத்தக்க பணி. தமிழாசிரியரும் மாணவரும் அதில் கைகொடுப்பின், புழுங்கல் அரிசி உண்டு, தாம் அறியாமலே மருத்துவ உலகிற்கு விடை தந்த முன்னோரின் வழிவந்தோர், இனித் தாம் அளிப்பதை அறிந்தே அளிப்பர்.