சவ்வாது மலைக் கஞ்சாவும் அறிவெனும் அமானிதமும்

திருவண்ணாமலைக்கு வடக்கே எழும் சவ்வாது மலையை இன்று சாமைக்கும் தேனுக்கும் உரிய மலையாக நாம் அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் கஞ்சா பயிரிடப்பட்ட இடங்களுள் அம்மலையும் ஒன்று.

1893இல் ஆங்கிலேய அரசு அமைத்த கஞ்சா விசாரணை ஆணையம், நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு 1894இல் அறிக்கை அளித்தது. கஞ்சா புகைப்போருள் சாதுக்களோடு பக்கீர்களையும் அது குறித்தது. அளவான பயன்பாடு பெரிதும் தீங்கற்றது, மிகுதியே கெடுக்கும், முழுத் தடை தேவையில்லை என்பது அதன் முடிவு. மூளைக்குள் நிகழ்வதைக் காணும் வழி அன்று எவருக்கும் இல்லை.

ஆயினும் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, எகிப்தில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ (மறைவு 1392), ஹஷீஷ் ஹராம் என்பதை நிறுவத் தனி நூல் எழுதினார். ஷரீஅத் காக்கும் ஐந்தனுள் அறிவும் ஒன்று என இமாம் கஸ்ஸாலி அவருக்கு முன்பே வகுத்திருந்தார்.

அறிவியல் பிறகே வந்தது. போதைக்குக் காரணமான டிஎச்சி என்னும் பொருளை 1964இல் மெஷூலம், கவோனி என்னும் இருவர் பிரித்தறிந்தனர். அது பொருந்தும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1988இல் தெரியவந்தது. 1992இல், அவ்வேற்பிகளுக்கென மூளையே சுரக்கும் பொருளொன்று கண்டறியப்பட்டு, 'ஆனந்தம்' என்ற சொல்லால் ஆனந்தமைடு எனப் பெயர் பெற்றது. அது வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் சுரந்து, நரம்புச் செய்திகளின் வேகத்தை மட்டுப்படுத்தி, விரைவில் சிதைந்துவிடும். டிஎச்சியோ மூளையெங்கும் பரவி நெடுநேரம் தங்குகிறது. ஆகவே நினைவு தடுமாறுகிறது, உடல் நிதானம் இழக்கிறது, காலக்கணிப்பு பிறழ்கிறது.

மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் அவ்வேற்பிகள் மிகக் குறைவு. எனவே அபினைப்போல் அது மூச்சை நிறுத்துவதில்லை. இதைக் கொண்டே, “மூலிகைதானே” என்று இளைஞர் ஏமாறுகின்றனர். உயிர் போகாதது தீங்கின்மைக்குச் சான்றாகாது. இருபத்தைந்து வயதுவரை மூளை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இளமையில் மிகுதியாகப் புகைப்போருக்கு மனச்சிதைவு நேரும் அபாயம் கூடுகிறது.

1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவைக் குற்றமாக்கியது. ஆனால் சட்டத்தின் கண் எட்டாத அறைக்குள்ளும் அல்லாஹ்வின் பார்வை உண்டு என்று பிள்ளைகளுக்கு உணர்த்துவது நம் கடமை. சிக்கிக்கொண்ட பிள்ளையைத் துரத்திவிடுவது தீர்வாகாது. தொடர்ந்து புகைப்போரிடம் குறைந்துபோகும் ஏற்பிகள், விலகிய நான்கு வாரங்களில் பெரும்பாலும் மீள்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தவ்பாவின் கதவு திறந்தே இருக்கிறது. மருத்துவரின் கதவும், நம் வீட்டின் கதவும் அவ்வாறே திறந்திருக்கட்டும்.