கடற்கரை இரயிலும் ஆரணிப் பட்டும்

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணி நகருக்குள் இரயில் ஓடுவதில்லை. 'ஆரணி ரோடு' என்னும் நிலையம் களம்பூரில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் இரயில் இந்நிலையத்தை எட்ட ஏன் இத்தனை காலம் பிடித்தது?

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் சென்னை இராயபுரத்திலிருந்து, ஆரணிக்கு வடக்கேயுள்ள வாலாஜா ரோடு வரை ஓடியது. அப்பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர், இதுவே அகலப்பாதை. ஆனால், பின்னர் களம்பூர் வழியே அமைந்த விழுப்புரம்–காட்பாடிப் பாதை 1,000 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மீட்டர் பாதை. 1931-இல் தொடங்கிய சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்சார இரயிலும் மீட்டர் பாதையில்தான் ஓடியது.

இரயில் சக்கரங்கள் அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. எனவே ஒரு பாதையின் வண்டி மற்றொன்றில் ஓட இயலாது. ஆரணி ரோட்டில் ஏறிக் காட்பாடி வழியே சென்னை செல்பவர் பட்டு மூட்டையுடன் காட்பாடியில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது.

மீட்டர் பாதை அகலப்பாதையாக மாறிய பின்னரே இத்தடை நீங்கியது. 2024 மே மாதத்தில் சென்னைக் கடற்கரை–வேலூர் இரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. வழியில் ஆரணி ரோட்டிலும் நின்றது. ஒரு நகரின் இரயில் வளர்ச்சியை அந்நகர எல்லைக்குள் மட்டும் அளந்தால் போதாது என்பதற்கு இது சான்று. எனினும் களம்பூருக்கும் ஆரணித் தறிகளுக்கும் இடையே இன்னமும் சாலைப் பயணமே!