முரளிக்கு முன்னால் நாற்பது வருஷம்

2012 ஆகஸ்ட் 31, கொழும்பு பிரேமதாச மைதானம். ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் இறுதிப் போட்டியில் ‘ஊவா நெக்ஸ்ட்’ அணி, ‘நாகெனஹிர நாகாஸ்’ அணியை மழை விதியின்படி தோற்கடிச்சு கிண்ணத்தைத் தூக்கியது. ஊவா என்ற பேரில் ஒரு அணி நாட்டின் சாம்பியன்! ஆனா அந்தத் தொடர் முழுக்க நடந்தது கொழும்பிலயும் பல்லேகலையிலயும்தான். பதுளையில ஒரு பந்துகூட வீசப்படல. பேர் நம்மளோடது, மைதானம் வேற யாரோடதோ.

நம்ம விளையாட்டு வரலாறே கிட்டத்தட்ட இப்படித்தான். “மலையகத்திலிருந்து வந்த பெரிய விளையாட்டு வீரர் யார்?” என்று பசறையிலயோ ஹப்புத்தளையிலயோ கேட்டா முதல் பதில் முத்தையா முரளிதரன். இரண்டாவது பேர் சொல்லுங்க என்றா கொஞ்சம் அமைதி. “நம்ம பிள்ளைகளுக்கு அக்கறை போதாது” என்று யாராவது முடிச்சு வைப்பாங்க. அந்தப் பதிலை ஏத்துக்கொள்றதுக்கு முன்னால வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கணும்.

முதல்ல நிலம். தேயிலை மலையில சமதரை என்பது அரிது. ஸ்டோர் நிக்கிற இடம், பெரட்டுக்களம், தொரைமாரோட கிளப் மைதானம். பெரும்பாலும் அவ்வளவுதான். டிக்கோயாவில தரவளை, நானுஓயா பக்கம் ராதெல்ல, பதுளையில ஊவா ஜிம்கானா என்று வெள்ளைக்காரத் தொரைமார் தங்களுக்கு கிளப்பும் மைதானமும் அமைச்சுக்கொண்டாங்க. றக்பி, டெனிஸ், கிரிக்கெட் எல்லாம் அங்க நடந்தது. புல்லு வெட்டவும் தரை மட்டம் பண்ணவும் தோட்டத்து ஆள் வேணும், விளையாட வேண்டாம். லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைச்சது பெரட்டுக்களமும் ரோட்டோரமும்தான்.

இரண்டாவது, சட்டம். 1948 ஜூலை 31 அன்று லண்டன் வெம்ப்ளியில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளி வென்றார். சுதந்திர இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதே ஆகஸ்டில் குடியுரிமைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. 1948 நவம்பர் 15 அன்று சட்டம் அமுலானபோது, ஏறக்குறைய ஏழு லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனாங்க. 1949 சட்டத்தின் கீழ் விண்ணப்பிச்சு குடியுரிமை பெற்றவங்க கொஞ்சப் பேர்தான்.

இந்தச் சட்டத்தைப் பற்றி வாக்குரிமை, காணி, பாஸ்போட் என்று நிறைய எழுதியாச்சு. விளையாட்டுப் பக்கத்தை யாரும் அவ்வளவாத் தொடுறதில்ல. ஒலிம்பிக்கிலயோ ஆசிய விளையாட்டுப் போட்டியிலயோ ஒரு நாட்டுக்காக இறங்க அந்த நாட்டுப் பிரஜையா இருக்கணும். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கையின் முதல் ஆசியத் தங்கத்தை வென்றார். தமிழரா இருந்தது அவருக்குத் தடையாகல, பிரஜையா இருந்தார். அதே 1958இல் நமுனுகுலையில் அதே வயசில ஒரு பையன் அதே உயரம் பாய்ஞ்சிருந்தாலும், எந்த நாட்டு ஜேர்சியைப் போட்டிருப்பான்?

பிறகு 1964 ஒக்டோபர் 30, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்க, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாங்க. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாப் பிரிச்சாங்க. ஒரு விளையாட்டு அணி உருவாக பத்து வருஷமாவது ஒரே இடத்தில ஆள் இருக்கணும். பந்து எறியிற அண்ணன், பார்த்துப் பழகிற தம்பி, சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர் எல்லாரும் வேணும். குடும்பம் குடும்பமா தலைமன்னாரில் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலத்தில அது எப்படி நடக்கும்? நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது 1988இல். மீதி இருந்தவர்களுக்கு 2003 வரை காத்திருப்பு.

இப்ப முரளிக்கு வருவோம். அவருடைய தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பிறகு மகள்மாரோட திருச்சிக்கே திரும்பிப் போனார். முரளியின் அப்பா முத்தையா உட்பட மகன்மார் இங்கேயே தங்கினாங்க. நம்ம லயங்களில பாதிப் பேரோட குடும்பக் கதை இது.

ஆனா முரளி லயத்தில வளர்ந்தவர் இல்ல. 1972இல் கண்டியில் பிறந்தார். அப்பாவுக்கு பிஸ்கட் தொழிற்சாலை, படிச்சது கண்டி புனித அந்தோனியார் கல்லூரி. மித வேகப் பந்து போட்டுக்கொண்டிருந்த 14 வயசுப் பையனை சுழலுக்கு மாறச் சொன்னவர் அங்கிருந்த பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1990/91 பருவத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல. 1992 ஆகஸ்ட் 28 அன்று அவுஸ்திரேலியாவுக்கு எதிரா முதல் டெஸ்ட். 2010 ஜூலை 22, காலியில் தன்னுடைய கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்.

அவருடைய அரசியல் பேச்சுகளோட உடன்படாதவங்க நம்மில நிறையப் பேர். 2020இல் ‘800’ படத்துக்கு வந்த எதிர்ப்பும் ஞாபகம் இருக்கும். அந்த விவாதம் தனியா நடக்கட்டும். இங்க நான் கவனிக்கிறது வேற ஒண்ணு. சொந்தத் தொழில் இருந்த அப்பா, மைதானம் இருந்த பள்ளிக்கூடம், திறமையைக் கண்ட பயிற்றுநர், நாட்டுக்கு ஆடுற உரிமை. நாலும் ஒரே பையனுக்குச் சேர்ந்து கிடைக்க, தாத்தா வந்து இறங்கின நாளிலிருந்து 70 வருஷத்துக்கு மேல எடுத்திருக்கு. அதனால, “முரளியால முடிஞ்சது உன்னால ஏன் முடியல?” என்று தோட்டத்துப் பிள்ளையிடம் கேட்கிறது நியாயமில்ல.

இண்டைக்கும் நம்ம பிள்ளைகள் கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறாங்க, சில பேர் சப்பாத்து இல்லாம. பதுளை வின்சென்ட் டயஸ் மைதானத்தில ஓடின பேர்களை யார் எழுதி வச்சிருக்கிறாங்க? தோட்டத்தில மண்ணை வெட்டி வொலிபோல் கோர்ட் போட்ட அண்ணன்மார், சொந்தச் சம்பளத்தில பிள்ளைகளை பஸ் ஏத்திக் கூட்டிப் போன சேர்மார், இவங்கதான் நம்ம விளையாட்டைக் கட்டினவங்க. அவங்க பேர் எந்தப் புத்தகத்திலயும் இல்ல.

சான்றிதழ்கள் இன்னும் வீட்டு ட்ரங்குப் பெட்டிகளில இருக்கு. ஓடினவங்களும் பல பேர் உயிரோட இருக்கிறாங்க. அடுத்த லீவில ஊருக்குப் போறப்போ அவங்களைத் தேடி உட்கார்ந்து கேளுங்க: எந்த வருஷம், எந்தப் போட்டி, எத்தனையாம் இடம், யார் கூட்டிப் போனது. எழுதி வைங்க. இரண்டாவது பேரைக் கேட்டா அமைதியா இருக்க வேண்டி வராது.