சுவெட்டன்ஹாம், சர் ஃபிராங்க்

சர் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் (1850–1946) மலாயாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி. சிலாங்கூர் ரெசிடெண்ட் (சுல்தானுக்கு ஆலோசனை கூறும் பிரிட்டிஷ் அதிகாரி), கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் ரெசிடெண்ட் ஜெனரல் (1896–1901), நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் (1901–04) ஆகிய பதவிகளை வகித்தார். அடிமை முறையைக் கண்டித்து எழுதிய இவரது ஆட்சியில்தான் தமிழர்கள் கடனுக்குக் கட்டுண்டு தோட்டக்காடுகளில் உழைத்தார்கள்.

சிலாங்கூரில் டெங்கில் ஊர் வழியாக ஓடும் லங்காட் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு, அம்மாநிலச் சுல்தான் அப்துல் சமாட்டுக்கு ஆலோசனை கூற 1874இல் அனுப்பப்பட்டார். மலாய் மாநிலங்களில் அப்போது கடனடிமை வழக்கம் இருந்தது. கடன்பட்டவர் குடும்பத்தோடு கடன் கொடுத்தவரிடம் உழைப்பார். எவ்வளவு உழைத்தாலும் கடன் கழியாது. பேராக்கில் 1875இல் ரெசிடெண்ட் பிர்ச் கொல்லப்பட்டதற்கு, தப்பி வந்த அடிமைகளுக்கு அவர் அடைக்கலம் கொடுத்ததும் ஒரு காரணம். அந்த வழக்கத்தின் கொடுமைகளைச் சுவெட்டன்ஹாம் தம் நூல்களில் விவரித்தார். ஆனால் லங்காட்டிலும் பின்னர் பேராக்கிலும் பணியாற்றிய இன்னஸ் என்ற அதிகாரி, பேராக்கில் ஆங்கில ஆட்சியே அடிமை முறைக்கு இடம் கொடுக்கிறது என்று குற்றம்சாட்டி 1882இல் பதவி விலகினார். அவர் மனைவி எமிலி 1885இல் வெளியிட்ட நூல் ரெசிடெண்டுகளின் பெருமிதத்தைக் கேலி செய்தது.

தமிழகத்திலிருந்து வந்த சஞ்சிக்கூலிகளின் (ஒப்பந்தக் கூலிகளின்) நிலை பெயரளவில்தான் வேறு. கப்பல் செலவு முன்பணமாகக் கணக்கில் ஏறும், சம்பளத்தில் பிடிக்கப்படும். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. ரயில் பாதைக்கும் காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் தேவைப்பட்டதால் சுவெட்டன்ஹாமின் நிர்வாகம் இந்த வரவை ஊக்குவித்தது. சஞ்சி முறை 1910இல் நிறுத்தப்பட்டபோது அவர் ஓய்வுபெற்று ஆறாண்டு ஆகியிருந்தது.

கோலாலம்பூரைச் செங்கல் நகராக்கியவர் என்ற புகழும் அவருக்கு உண்டு. அந்நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி பெயர் பெற்றது செங்கல் சூளைகளால். 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகம் ஆனது. பினாங்கில் மட்டும் கப்பல் துறை ஒன்று இன்னும் அவர் பெயரில் உள்ளது. பெயர் மாற்றங்களுக்குப் பின்னால் இருந்தது சுதந்திர நாட்டின் தன்மானம். தோட்டத் தொழிலாளர் கணக்கு அதில் சேரவில்லை. டெங்கிலில் அந்தக் கணக்கு இன்னும் பேச்சில் இருக்கிறது: புத்ராஜெயா நகரை அமைப்பதற்காகப் பிராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் அங்குள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில்தான் குடியமர்த்தப்பட்டன.

மலாய்க்காரர் சிலருக்கு அவர் வேறு முகம் கொண்டவர். 1946இல், தொண்ணூறு தாண்டிய வயதில், மலாயன் யூனியன் என்ற புதிய ஆட்சித் திட்டம் சுல்தான்களின் இறையாண்மையைப் பறிப்பதாகச் சொல்லி அதை எதிர்த்தார். இந்தியருக்கும் சீனருக்கும் தாராளமாகக் குடியுரிமை தர இருந்த திட்டமும் அதுவே. அவ்வாண்டு ஜூனில் அவர் இறந்தார். 1948இல் யூனியன் கலைக்கப்பட்டு மலாயாக் கூட்டரசு வந்தபோது குடியுரிமை விதிகள் கடுமையாக்கப்பட்டன.